பதிமூன்று அங்குலக் காத்தாடி

எங்கள் ஊர்ப் படகுக்கு எந்தப் புரொப்பல்லரை மாட்டுவது என்று முடிவு செய்தவன் நான். அந்த முடிவால் ஒரு மனிதர் இறந்தார். ஊரில் யாரும் இதை இப்படிச் சொல்வதில்லை. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்பார்கள், கட்டடம் பழசு என்பார்கள், அவர் நேரம் அவ்வளவுதான் என்பார்கள். இந்த மூன்றில் ஒன்றையாவது நம்பித் தொலைக்கலாமே என்று நானும் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

எங்கள் ஊர் திருநெல்வேலிக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது. மேலத்தெருவும் கோயிலும் மேட்டில். கீழத்தெரு ஆற்றை ஒட்டிய பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அதன் மேல் சின்னதாக ஒரு பாலம். ஆற்றில் தண்ணீர் கூடினால் பாலம் முங்கிவிடும், கீழத்தெரு தனியாகிவிடும். வெளியிலிருந்து படகு வந்து சேர்வதற்குள் இரண்டு நாளாவது ஆகிவிடும். ஒரு வருஷம் இப்படி மாட்டிக்கொண்டு பட்ட பாட்டுக்குப் பிறகு, நமக்கென்று ஒரு படகு இருக்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது.

எனக்குப் பாளையங்கோட்டையில் மோட்டார் பட்டறை. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் என்று சுற்றுகிற சாமான் எதுவானாலும் என்னிடம்தான் வரும். அளந்து பார்க்காத எதையும் நான் நம்புவதில்லை. எஞ்சின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இது பேரிங்தான்” என்று தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மீட்டரை வை, எண்ணைச் சொல். இப்படிப் பேசியே பாதி ஊரைப் பகைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் மனைவியின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ராதாபுரத்துக்குத் தெற்கே கடற்கரைக்குப் போனேன். மச்சானுக்கு வாழைத்தோட்டம் உண்டு, சொந்த டிராக்டர் ஓட்டுகிறவர், ஆற்றில் நன்றாக நீந்துவார். படகு வந்தால் அவர்தான் ஓட்டுவது என்று பேச்சு. அங்கே ஒரு மீனவர் ஃபைபர் வள்ளத்தையும் அதன் பின்னால் மாட்டுகிற இருபத்தைந்து எச்.பி. அவுட்போர்டு எஞ்சினையும் விற்க வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எஞ்சினோடு சேர்த்து இரண்டு புரொப்பல்லர்களை மணலில் போட்டார். காத்தாடி என்றுதான் அவர் சொன்னார். எங்கள் ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

“அண்ணாச்சி, இது ஒம்பது, இது பதிமூணு. வெறும் வள்ளத்துல பறக்கணும்னா பதிமூணு. நாங்க போடுதது ஒம்பதுதான்.”

“ஒங்களுக்கு வேகம் வேண்டாமா?” என்று கேட்டேன்.

“போவும்போது வெறும் வள்ளந்தான, எதைப் போட்டாலும் போவும். பாரத்தோட திரும்பி வாரதுக்குல்லா காத்தாடி பாக்கணும்.”

மச்சான் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். நான் ஆட்டியது மரியாதைக்கு.

ஒன்பது, பதிமூன்று என்பதெல்லாம் அங்குலக் கணக்கு. புரொப்பல்லர் தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றினால் கணக்குப்படி படகு அத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும். அதற்குத் தகுந்த மாதிரி இறக்கைகளின் முறுக்கு இருக்கும். பதிமூன்று என்றால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம், ஆனால் எஞ்சினுக்கு அதிக பளு. மாஞ்சோலை மலை ஏறுகிற பஸ்ஸை டாப் கியரில் வைத்து ஓட்டினால் என்ன ஆகுமோ, பாரம் ஏற்றிய படகில் பதிமூன்றை மாட்டினால் அதுதான் ஆகும். எஞ்சினுக்குச் சுற்று ஏறாது. சுற்று ஏறாவிட்டால் பலம் வராது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நானே பம்ப் செட்டை வைத்து இதே பாடத்தை மணிக்கணக்கில் நடத்தியிருக்கிறேன்.

படகு வந்தது. கோயில் தேர்க்கொட்டகையில், தேருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மீனவர் சொன்னபடி முதலில் ஒன்பதுதான் மாட்டியிருந்தது. எங்களைப் பார்த்து வடகரைக்காரர்களும் ஒரு படகு வாங்கினார்கள். வாங்கினால் சும்மா இருக்க முடியுமா? தீபாவளிக்கு மறுநாள், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் குளிக்க ஆற்றுக்கு வந்திருந்த நேரத்தில், இரண்டு படகையும் ஓடவிட்டோம். நாங்கள் தோற்றோம். சாதாரணமாக இல்லை, அசிங்கமாகத் தோற்றோம். பாரம் இல்லாத படகில் ஒன்பது அங்குலம் மாட்டினால் எஞ்சின் கத்தித் தீர்க்கும், படகு நகராது.

“என்ன வே, ஒங்க படகு சத்தத்துல மட்டும் முன்னால வந்துட்டே!” என்று அக்கரையிலிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு எஞ்சினில் சுற்று அளக்கும் மீட்டரை மாட்டினேன். நானும் மச்சானும் மட்டும் படகில் ஏறி ஓட்டிப் பார்த்தோம். ஒன்பது அங்குலத்தில் எஞ்சின் ஆறாயிரத்தைத் தாண்டிச் சுற்றியது. அதற்கு விதித்த வரம்பு ஐயாயிரத்து ஐந்நூறு. பதிமூன்றை மாட்டியதும் முள் ஐயாயிரத்து நானூறில் போய் அசையாமல் நின்றது. புத்தகத்தில் போட்ட மாதிரி. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. தீபாவளிக்கு மறுநாள் ஜெயித்தோம். ஊர் என்னைத் தோளில் தூக்காத குறைதான்.

ஒரு வாரம் கழித்து மச்சான் வந்தார்.

“மாப்ள, பந்தயம் முடிஞ்சிட்டு. பழைய காத்தாடிய மாட்டிருவோமா? மழைக்காலம் வருதுல்லா.”

“மீட்டர நீங்களும்தான பாத்தீங்க மச்சான்? ஒம்பதுல எஞ்சின் அளவுக்கு மேல சுத்துது, கெட்டுப்போயிரும். அவசரத்துக்குப் போற படகு வேகமாப் போகாண்டாமா?”

என்னிடம் எண் இருந்தது. அவரிடம் ஒரு மீனவர் சொன்ன வார்த்தைதான் இருந்தது. போய்விட்டார்.

என் எண்ணில் தப்பில்லை. இரண்டு பேர் உட்கார்ந்த படகுக்கு அது சரியான எண். இரண்டு பேரைக் காப்பாற்றப் போகிற இரண்டு பேர் திரும்பும்போது நாலு பேராக இருப்பார்கள் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நான் அளக்கிறவன் அல்லவா, எனக்குத் தோன்றவில்லை.

மார்கழி பிறந்த சமயம் மழை பிடித்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விடவே இல்லை. அணைகளும் நிறைந்து திறந்துவிட்டார்கள். கீழத்தெருக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே கோயிலுக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பாலம் இருந்த இடம் தெரியவில்லை. வாய்க்கால் உடைந்து, ஆற்றின் ஒரு கிளையே மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் ஓடியது. கீழத்தெருப் பக்கம் பால் சொசைட்டியின் பழைய கட்டடத்து மொட்டைமாடியில் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர் ஜன்னலை மூழ்கடித்துவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கோயில் மேட்டிலிருந்து படகை இறக்கினோம். மச்சான் எஞ்சினைப் பிடித்தார், நான் முன்னால் கயிற்றோடு உட்கார்ந்தேன். போகும்போது தண்ணீரும் அந்தப் பக்கமாகவே தள்ளியது. அம்பு மாதிரிப் போனோம். மேட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். மாடியில் இருந்த கண்டக்டர் அண்ணாச்சி, பிள்ளைகளையும் இரண்டு பெண்களையும் முதலில் ஏற்றிவிட்டார். மலைப் பாதை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். “பைய, பைய, எடம் கெடக்கு” என்று பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரியே ஏற்றினார்.

நாலு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். இப்போது ஓட்டத்தை எதிர்த்து வர வேண்டும். எஞ்சின் முக்கியது. மச்சான் முழுசாக முறுக்கியும் சுற்று ஏறவில்லை. படகு ஓரிடத்தில் நின்று அரைத்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்து சேர்ந்தது. நாலு பேரையும் இறக்கினோம். கூட்டம் ஆரவாரம் செய்தது.

மச்சான் என் காதருகே குனிந்தார்.

“மாப்ள, எஞ்சின் இழுக்க மாட்டேங்கு. வீட்டுக்கு ஓடிப்போய் அந்த ஒம்பத எடுத்துட்டு வாரும். பத்து நிமிசத்துல மாட்டிரலாம்.”

என் வீடு மேலத்தெருவில்தான். ஒன்பது அங்குலப் புரொப்பல்லர் சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. ஓடினால் மூன்று நிமிஷம். ஒரு நட்டு, ஒரு பின், மாற்றுவது பெரிய வேலையே இல்லை. என்னைச் சுற்றி ஊரே நின்றது. இந்தப் புரொப்பல்லரை ஜெயிக்கவைத்துக் காட்டியவன் நான்.

“நேரம் இல்ல மச்சான். எடுங்க,” என்றேன்.

நேரம் இல்லை என்பது உண்மையா, கூட்டத்துக்கு முன்னால் அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லையா? இதை எனக்குள்ளேயே ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது, அது உண்மை. ஆனால் மச்சான் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாவது தடவை மீதி ஏழு பேரையும் ஏற்றினோம். கடைசியாகக் கண்டக்டர் அண்ணாச்சியும் அவர் மனைவி மதினியும். மதினி ஒரு சாக்கை இடுப்பில் இடுக்கியிருந்தார்கள். உள்ளே வெண்கலப் பானை. படகு மாடியை விட்டு நகர்ந்து ஓட்டத்தில் மூக்கை நுழைத்தது, அத்தோடு சரி. எஞ்சின் அடைத்துக்கொண்ட தொண்டை மாதிரி உறுமியது. படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் ஆற்றுப் பக்கமாக இழுபட்டது. பின்னால் இருந்தவர்கள் அலறினார்கள். மச்சான் சமாளித்துத் திருப்பி மறுபடியும் மாடியோடு கொண்டுவந்து அணைத்தார். அவர் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் மதினியைப் பார்த்துக் கத்தினேன்.

“அந்தப் பானையத் தூக்கி ஆத்துல போடுங்க மதினி! உயிர் போற நேரத்துல பானை கேக்குதா? ஒங்க பானையாலதான் படகு ஏற மாட்டேங்கு!”

மதினி சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பயத்தில் அவர்களுக்குக் கை விறைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கண்டக்டர் அண்ணாச்சி என்னைக் கையமர்த்தினார்.

“விடுலே, அவ அம்மை குடுத்தது. வண்டி மலை ஏறலன்னா மொதல்ல எறங்குதவன் கண்டக்டருல்லா?”

சிரித்துக்கொண்டே கைப்பிடிச் சுவரில் காலை வைத்து மறுபடியும் மாடிக்கு ஏறிவிட்டார். “அடுத்த ட்ரிப்புல வாரேன், போங்க,” என்று படகைக் காலால் தள்ளிவிட்டார். அவர் பாரம் குறைந்ததும் எஞ்சினுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதும் அந்தச் சின்ன தூரத்தைக் கடக்க இருபது நிமிஷம் ஆனது. மேட்டில் படகை முட்டி மதினியைக் கைபிடித்து இறக்கும்போது கூட்டம் ஐயோ என்றது. திரும்பிப் பார்த்தேன். பால் சொசைட்டி இடிந்து, மாடி இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

மச்சான் தனியாகவே படகைத் திருப்பிக்கொண்டு போனார். வெறும் படகு, பறந்தது. அங்கே யாரும் இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது வடகரை வாழைத்தோட்டம் ஒன்றில் அண்ணாச்சியைக் கண்டெடுத்தார்கள்.

பொங்கல் கழிந்து ஊரில் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். பத்துப் பேரைக் காப்பாற்றியதற்கு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, குனிந்து வாங்கிக்கொண்டேன். மச்சானுக்கும் ஒரு சால்வை வைத்திருந்தார்கள். அவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அதைக் கேட்டதும் அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்குத் தெரிந்ததை ஊரில் வேறு ஒருவனுக்கும் தெரியும் என்ற ஆத்திரம். மச்சான் இன்றுவரை யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. என் வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார்.

மாசியில், ஆறு அடங்கிய பிறகு, நான் மறுபடியும் அளந்தேன். எட்டுப் பேர் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, நான் ஒருவனே ஏறி ஓட்டினேன். பதிமூன்று அங்குலத்தில் முள் மூவாயிரத்து அறுநூறைத் தாண்ட மறுத்தது. ஒன்பதை மாட்டினேன். ஐயாயிரத்து இருநூறு. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து ஏறியது. அண்ணாச்சியையும் பானையையும் அதற்கு மேல் இன்னும் ஒரு பானையையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு நடு ஆற்றில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மணி நேர வேலை இந்தச் சோதனை. மீட்டரை மாட்டிய அன்றைக்கே செய்திருக்கலாம்.

அப்போதும் நான் போய்ச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, போன உயிர் வரவா போகிறது என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். மதினியைத் தெருவில் கண்டால் வேறு பக்கம் திரும்பினேன். ஒருநாள் என் மனைவி சொன்னாள், “மதினி ஆளே பாதியாயிட்டாவ. ஒரு நேரந்தான் சாப்பிடுதாவளாம்.” துக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் பட்டறையை அடைத்துவிட்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருந்தது. மதினி நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். “வாங்க தம்பி” என்றார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவேன் என்று தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு காத்தாடியையும், பந்தயத்தையும், மச்சான் மாற்றச் சொன்னதையும், நான் மறுத்ததையும், மணல் மூட்டை வைத்து அளந்ததையும். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று வந்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றுவார்கள், ஊரைக் கூட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

மதினி மூலையில் சாக்கோடு கிடந்த பானையைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்.

“அப்ப, பானையால இல்லையா?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“நீங்கதான தம்பி சொன்னீங்க, பானையாலதான் படகு ஏறலன்னு. ரேசன் கடைத் தராசுல தூக்கி வச்சுப் பாத்தேன். ஏழு கிலோ இருக்கு. ஏழு கிலோவுக்கு அவர எறக்கி விட்டுட்டேனேன்னு…”

“பானைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல மதினி. பானை இல்லன்னாலும் ஏறியிருக்காது. நான் செஞ்ச தப்ப மறைக்கத்தான் ஒங்களப் பாத்துக் கத்துனேன்.”

நான் கத்தியது எனக்கு நினைவிருந்தது. ஆனால் படகில் அத்தனை பேர் அலறிய நேரத்தில் அந்த ஒரு வார்த்தையை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போயிருப்பார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பத்து மாசம் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். என் பயம் முழுக்க என்னைப் பற்றியதாகவே இருந்தது.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா தம்பி? இந்தப் பானைய ஏன் எந்தலையில கட்டுனன்னு, பத்து மாசமா செத்துப்போன எங்க அம்மையல்லா ஏசிக்கிட்டு இருந்தேன்.”